பிளேனார் ஹெட்போனும் இன்டர்ஃபேஸ் ஜாக்கும்: கேள்வி பதில்

கேள்வி: ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி எம்கே3 என்ற பிளேனார் ஹெட்போன் (காந்தங்களுக்கு நடுவே தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை) வாங்கினேன். 50 ஓம்தான். 250 ஓம் ஹெட்போனையே நல்லா ஓட்டுற என் ஆடியோ இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியா மாட்டுற சவுண்ட் பெட்டி) இது ஏன் சார் இவ்வளவு சத்தம் கம்மி?

பதில்: ஓம் குறைந்தால் ஓட்டுவது சுலபம் என்ற கணக்குதான் காலை வாருகிறது. முதலில் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பது. டி50ஆர்பி 1 மில்லிவாட்டுக்கு 92 டெசிபெல் தரும். பாட்டில் டிரம் அடி போன்ற உச்சங்கள் 110 டெசிபெல்லைத் தொட இன்னும் 18 டெசிபெல் வேண்டும், அதாவது 63 மில்லிவாட். 50 ஓமில் அதற்கு 1.78 வோல்ட், 36 மில்லி ஆம்பியர் ஆகும்.

ஹைஃபைமேன் எச்இ-6-உம் 50 ஓம்தான். ஆனால் 83.5 டெசிபெல். அதே உச்சத்துக்கு ஏறக்குறைய 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லி ஆம்பியர். ஓம் ஒன்றே, தேவைப்படும் பவர் ஏழு மடங்கு! ஆடீஸி எல்சிடி-எக்ஸ் வெறும் 20 ஓம், ஆனால் 103 டெசிபெல். 5 மில்லிவாட், 0.32 வோல்ட் போதும். சாதாரண இன்டர்ஃபேஸே தாராளமாக ஓட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை: சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்கு அல்ல, 1 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடுவார்கள். 50 ஓமில் அந்த எண் 13 டெசிபெல் கூடுதலாகத் தெரியும். எந்த அலகு என்று பார்க்காமல் இரண்டு ஹெட்போனை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: மேனுவலில் ஹெட்போன் அவுட் அதிகபட்சம் +7 டிபியு (dBu) என்று இருக்கிறது. டி50ஆர்பிக்குப் போதுமா?

பதில்: 0 டிபியு என்பது 0.775 வோல்ட். +7 என்றால் 1.73 வோல்ட். காகிதத்தில் 110 டெசிபெல்லுக்கு மயிரிழையில் வந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த எண்ணைப் பெரும்பாலும் லோடு (ஹெட்போன் போல மின்சாரம் இழுக்கும் சுமை) இல்லாமலோ, 300, 600 ஓம் லோடிலோ அளந்திருப்பார்கள். 50 ஓமை மாட்டியதும் கரண்ட் தீர்ந்துபோகலாம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், மொத்தம் 2.5 வாட். மைக் ப்ரீஆம்ப், கன்வெர்ட்டர், கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் ஃபேன்டம் பவர் எல்லாம் அதிலேயே ஓட வேண்டும். ஜாக்கை ஓட்டுவது என்இ5532 மாதிரி ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சின்னச் சிப்) என்றால், ஷார்ட் ஆனால்கூட அது தருவது சுமார் 38 மில்லி ஆம்பியர்தான். நமக்குத் தேவை 36. அதுவும் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) கணக்கு; சைன் அலையின் உச்சியில் 50 ஆகும். அதாவது போதாது.

கேள்வி: அண்ணா, என் இன்டர்ஃபேஸ் உண்மையில் எவ்வளவு தருதுன்னு வீட்டிலேயே அளக்க முடியுமா?

பதில்: முடியும். 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. மீட்டரின் ஏசி ரேஞ்ச் 2 அல்லது 6 வோல்ட்டில் தொடங்க வேண்டும். 200 வோல்ட் ரேஞ்ச் மட்டும் உள்ள மலிவு மீட்டர் இதற்கு உதவாது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

60 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஓடவிட்டு, ஹெட்போன் ஜாக்கில் செருகிய ஸ்டீரியோ பிளக்கின் நுனிக்கும் ஸ்லீவுக்கும் (அடிப்பகுதி உலோகம்) இடையில் 1.00 வோல்ட் வரும்படி குமிழைத் திருப்புங்கள். குமிழை அப்படியே விட்டு ரெசிஸ்டரை அதே இரண்டு முனைகளில் வையுங்கள். 0.82 ஆக இறங்கினால் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஜாக்கின் உள்தடை) 47 × 0.18 ÷ 0.82, ஏறத்தாழ 10 ஓம்.

அடுத்து, ரெசிஸ்டர் இருக்கும்போதே குமிழை முழுதாக ஏற்றி, சாஃப்ட்வேரில் சைன் அளவை −6-இலிருந்து 0 டெசிபெல்லுக்கு உயர்த்துங்கள். ரீடிங் இரண்டு மடங்காக வேண்டும். 0.90 இருந்தது 1.80 ஆகாமல் 1.5-இலேயே நின்றால் கிளிப் ஆகிறது, அதாவது அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. காதில் அது கிக் டிரம் விழும் இடத்தில் மட்டும் பொரிவது போலக் கேட்கும். பலர் டிரைவர் போய்விட்டது என்று நினைத்துப் பயப்படுவது இதைத்தான்.

கேள்வி: அவுட்புட் இம்பீடன்ஸ் 10 ஓம். அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதிப்படி 20 ஓம் பிளேனாருக்கு ஆகாதா?

பதில்: அந்த விதி டைனமிக் (சாதாரண சுருள் வகை) ஹெட்போன்களுக்கும், மல்டி-பிஏ (பல பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர் உள்ள) இயர்போன்களுக்குமானது. அவற்றின் இம்பீடன்ஸ் அலைவரிசைக்கு ஏற்ப ஏறி இறங்கும், அதனால் டோனே மாறும். பிளேனாரின் கோடு கிட்டத்தட்ட நேர்கோடு. டோன் மாறாது, 3.5 டெசிபெல் சத்தம் மட்டும் குறையும். எல்சிடி-எக்ஸுக்கு அது ஒரு இழப்பே இல்லை.

கேள்வி: ஈக்யூவில் பாஸ் 6 டெசிபெல் கூட்டியதும் கரகரக்கிறது.

பதில்: கூட்டிய இடத்தில் நான்கு மடங்கு பவர் கேட்கிறீர்கள். முதலில் ஈக்யூவின் ப்ரீஆம்பை (மொத்த அளவு) −6-க்கு இறக்குங்கள், டிஜிட்டல் கிளிப் போய்விடும். பிறகு குமிழை ஏற்றும்போது மறுபடி பொரிந்தால் குறை ஜாக்கில். தனி ஆம்ப்தான் வழி.

கேள்வி: பின்பக்க லைன் அவுட்டில் ஹெட்போனைச் செருகலாமா?

பதில்: வேண்டாம். அது பேலன்ஸ்டு டிஆர்எஸ், ஒரே சேனல்: பிளக்கின் நுனியில் சிக்னல், நடு வளையத்தில் (ரிங்) அதன் தலைகீழ். இடது காதுக்கு நேராகவும் வலது காதுக்குத் தலைகீழாகவும் போகும்; குரல் நடுவில் நிற்காமல் வெற்றிடமாகக் கேட்கும்.

ஆம்பை மாட்டத்தான் அந்த ஜாக்குகள். ஆம்பில் பேலன்ஸ்டு இன்புட் இருந்தால் இரண்டு டிஆர்எஸ் கேபிள். ஆர்சிஏ மட்டும் என்றால், ரிங்கை கிரவுண்டோடு சேர்க்கலாமா, சும்மா விட வேண்டுமா என்பதை இன்டர்ஃபேஸின் மேனுவலில் பார்த்துவிட்டு கேபிள் வாங்குங்கள். மானிட்டர் குமிழை முழுதாக வைத்து, சத்தத்தை ஆம்பில் கூட்டிக் குறையுங்கள். உறுமல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே சுற்றும் மின்னோட்டம். எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்புக்கு மாற்றி, பேலன்ஸ்டு கேபிளில் இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.