ஒரு தறப்பாளும் அண்ணன் வீட்டுத் தோட்டமும்

கேள்வி: என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. ரோட்டில் போகும் வெளிநாட்டுக்காரர்கள் முதுகில் கூடாரம் சுமந்து போவதைப் பார்த்துவிட்டு, "நாமும் ஒருநாள் வெளியில் படுப்போமா?" என்று மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆகஸ்ட் விடுமுறையில் கூட்டிப்போக ஆசை. கூடாரம் வாங்கவும் ஹோட்டலில் தங்கவும் கையில் காசில்லை. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அண்ணன் இருக்கிறார். மாமியாரோ, "வீடு இருக்கும்போது வெளியில் படுப்பானேன்?" என்று கோபப்படுகிறார். என்ன செய்யலாம்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹட்டன்

பதில்: அன்புத் தங்கைக்கு,

உங்கள் மகனின் ஆசை நியாயமானது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் மலையில் பிறந்த நம் பிள்ளைகள், அடுத்த மலையைப் பார்க்காமலே வளர்ந்துவிடுகிறார்கள். அது எனக்கு எப்போதுமே மனதை உறுத்தும் விஷயம். கட்டாயம் போங்கள். தங்குவதற்கு இடமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அண்ணன் வீடு.

ஆகஸ்ட்டில் அப்புத்தளைக்குப் போவது நல்லதுதான். அப்போது உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை. அதே காற்று முகட்டின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, அப்புத்தளை இருக்கும் ஊவாவுக்குள் காய்ந்த காற்றாக இறங்குகிறது. சின்ன வயதில் அப்பா என்னைக் கோச்சியில் பதுளைக்குக் கூட்டிப்போனார். நாட்டிலேயே உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலயில், 6,226 அடி உயரத்தில், பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தோம். சுரங்கத்தைத் தாண்டி ஒஹியப் பக்கம் வந்ததும் பளிச்சென்று வெயில்! ஒக்டோபரிலிருந்து இது மாறிவிடும். ஊவாவில் அப்போதுதான் பெருமழை. ஊவாவிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு நடந்தது 2014 ஒக்டோபர் 29இல். அதனால் பயணத்தை வருடக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள். எந்த மாதமானாலும், மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் வீட்டிலேயே இருங்கள்.

ஓட்டோவிலேயே போகலாம். பின்னால் மூன்று பேர், அதாவது நீங்களும் பிள்ளைகளும். ஏறக்குறைய 100 கிலோமீற்றர். விடியற்காலையில் கிளம்பினால் தலவாக்கலைக்கு முன்னாலேயே டெவோன், சென் கிளயர் இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் ரோட்டோரத்தில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். ரொட்டியும் கட்டச் சம்பலும் அவித்த முட்டையும் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி. சீதையம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்தபடி சாப்பிடலாம். ஹக்கலை தாண்டி வெலிமடைப் பக்கம் நீண்ட இறக்கம். உங்கள் கணவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சின்ன கியரில் இறங்கி, இடையில் நிறுத்தி பிரேக்கை ஆறவிடட்டும். இருட்டுவதற்கு முன் அண்ணன் வீட்டில் இருக்க வேண்டும்.

கூடாரம் வாங்க வேண்டாம். இரண்டு மரத்துக்கிடையே கயிறு கட்டி, தறப்பாளைப் போட்டு, நான்கு மூலையையும் முளை அடித்து இறுக்கினால் ஓர் இரவுக்குப் போதும். அந்த நேரத்தில் அப்புத்தளைக் காற்று பலமாக வீசும், அதனால் காற்று வரும் பக்கத்தைத் தாழ்வாகக் கட்டுங்கள். எல்லோரும் மேலே போர்த்துவதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். குளிர் ஏறுவது தரையிலிருந்து. கீழே சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் மடித்த கம்பளி. பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும் போட்டு, வயிறு நிறையச் சாப்பிட வைத்துப் படுக்கவையுங்கள். கயிறு கட்டுவது மகன் வேலை, டோர்ச் லைட் மகள் பொறுப்பு. வேலை இருக்கும் பிள்ளை சிணுங்காது.

மாமியாரின் கோபத்திலும் விஷயம் இருக்கிறது. சிறுத்தை இரவில் தேயிலைக்குள் நடமாடும், நாயைத் தேடி லயத்துப் பக்கமும் வரும். ஆகவே தேயிலை ஓரத்திலும் காட்டோரத்திலும் படுக்காதீர்கள். அண்ணன் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருங்கள். நாயை அருகில் கட்டாதீர்கள். தோட்ட நிர்வாகத்திடம் அண்ணன் ஒரு வார்த்தை கேட்டு வைக்கட்டும். பகலிலேயே மரங்களில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், புகை பட்டால் குளவி கலைந்து கொட்ட வரும். மானாப்புல் காய்ந்திருக்கும் காலத்தில் வெளியில் தீ மூட்டவே வேண்டாம், சமையல் அண்ணி அடுப்பில் நடக்கட்டும். ஆற்றங்கரையும் கூடாது. என் மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது ஓர் ஓடையோர மணலில் படுத்தோம். எங்கள் தலைக்குமேல் நட்சத்திரம், மேல்மலையில் மழை. நடுராத்திரி பாய் நனைந்ததும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஹோட்டன் சமவெளியில் படுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். குளிரும் அதிகம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம்.

மறுநாள் காலையில் லிப்டன் சீட். தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதன்ன தோட்டத்தை வாங்கியவர். அவர் உட்கார்ந்து தன் தேயிலையைப் பார்த்த மேடு அது. தோட்டத்து ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏற்றம். மேலே வரை ஓட்டோ போகும், ஆனால் கடைசிக் கொஞ்ச தூரத்தையாவது மகனை நடக்க வையுங்கள். எட்டு மணிக்குள் மேலே இருந்தால்தான் பனி மூடுவதற்கு முன் பார்க்கலாம். அந்தத் தேயிலையை நட்டவர்களும் பாதை வெட்டியவர்களும் நம் பாட்டன் பாட்டிமார் என்பதை அங்கே வைத்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அந்த வயதில் நன்றாகப் பதியும்.

சரி, அதற்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு உங்கள் இஸ்தோப்பிலேயே தறப்பாளைக் கட்டி ஒத்திகை பாருங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை, சத்தம் பழகும். மாமியாரையும் வாசற்படியில் உட்கார்ந்து கதை சொல்லச் சொல்லுங்கள். சின்னவள் நடுராத்திரி எழும்பி அழுதால் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். மூத்தவன் அப்பாவோடு அங்கேயே படுக்கட்டும்.