சிற்றுண்டிச்சாலை விசயம்: கடிதம் ஏன் எடுபடவில்லை

வணக்கம். போசணையியலாளராக, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில உள்ள பாடசாலை ஒன்றின் சிற்றுண்டிச்சாலையில் இனிப்புப் பானங்களை நிறுத்தச் சொல்லி 3 பக்கக் கடிதம் குடுத்தும், அதிபர் அசையவில்லை எண்டு எழுதியிருந்தீங்கள்.

ஆண்டு நடுவில குடுத்ததுதான் பிழை. கேள்விமனு (டெண்டர்) முடிஞ்சு, சிற்றுண்டிச்சாலையை நடத்துற குத்தகைக்காரரோட ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு அதிபராலை பெரிசா ஒண்டும் செய்யேலாது. குத்தகைக் காசு குறைஞ்சிடும் எண்ட பயமும் இருக்கும். அடுத்த கேள்விமனுவுக்கு முன்னம், விற்கக்கூடாத பொருட்களை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதிக் குடுங்கோ. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் பற்றின கல்வி அமைச்சின் 35/2015 சுற்றறிக்கைப் பிரதியையும் இணையுங்கோ. அப்ப அது உங்கட தனிப்பட்ட ஆசையாத் தெரியாது.

3 பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். அதில ஒரேயொரு பானப் பக்கற்றைக் காட்டுங்கோ. சீனி அளவைக் காட்டுற நிறக்குறி அதில இருக்கும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தாத்தான் சிவப்புக் குறி. 10 கிராம் உள்ளது செம்மஞ்சளோட தப்பிவிடும். ஆனா 200 மில்லிலீற்றர் குடிச்சா 20 கிராம், அதாவது 4 தேக்கரண்டி. 1600 கலோரி தேவைப்படுற பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற ஒரு நாள் உச்சவரம்பு 40 கிராம். அதில பாதி ஒரு இடைவேளையிலேயே முடிஞ்சுது. பெற்றோருக்கு இந்தக் கணக்குத்தான் உறைக்கும்.

மாற்றும் சொல்லோணும்: மோர், அவிச்ச கடலை, பயறு, வாழைப்பழம். விலையும் போடுங்கோ, இல்லாட்டி குத்தகைக்காரர் முதல் எதிர்ப்பார்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலே சந்தியுங்கோ. பாடசாலையிட்ட இருந்து பதில் வராட்டி 2016 தகவல் உரிமைச் சட்டத்தில ஒப்பந்தப் பிரதி கேளுங்கோ. 14 வேலைநாளுக்குள்ள முடிவு சொல்லவேணும். பானக் கொம்பனியின் அனுசரணையை மட்டும் எதுக்கும் வாங்காதேங்கோ.