இங்கிலாந்தில் 2000 பவுண்டுக்குள் பழைய எஸ்டேட் கார் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் வுல்வர்ஹாம்ப்டனில் இருக்கிறார். இரண்டு சின்னப் பிள்ளைகள். வார இறுதியில் வீட்டில் சமைத்து, பிறந்தநாள், சீமந்தம் மாதிரி விசேஷங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கையில் 2000 பவுண்டு இருக்கிறது, அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்கிறார்.

நான் கவன்ட்ரியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். இதுவரை மூன்று பழைய எஸ்டேட் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் கார்) வாங்கியிருக்கிறேன். முதல் கார் என் சேமிப்பைத் தின்றது. அடுத்த இரண்டும் வீட்டு மாடு மாதிரி உழைத்தன. மூன்றுக்கும் கொடுத்த விலை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

தாராளமாக வாங்கலாம். உங்கள் வேலைக்கு எஸ்டேட்டை விடப் பொருத்தமான வண்டி இந்த விலையில் இல்லை. எஸ்யூவி பெரிதாகத் தெரியும், ஆனால் அதன் டிக்கி வாய் உயரத்தில் இருக்கும். இருபது கிலோ அரிசி மூட்டையையோ சாம்பார் நிறைந்த அண்டாவையோ இடுப்புக்கு மேலே தூக்கி உள்ளே தள்ள வேண்டும். எஸ்டேட்டில் தொடை உயரத்தில் வைத்து அப்படியே நகர்த்திவிடலாம். பின் சீட்டை மடக்கினால் மடக்கு மேசைகளும் போகும்.

முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். 2000 இருக்கிறது என்றால் காருக்கு 1500 வரைதான். மீதி 500-ஐத் தொடக் கூடாது. பழைய கார் வந்த முதல் இரண்டு மூன்று மாதத்தில் டயர், பிரேக், பேட்டரி என்று ஏதாவது ஒன்று கேட்காமல் விடாது. அப்புறம் சாலை வரி. 2014 அக்டோபரிலிருந்து பழைய சொந்தக்காரர் கட்டிய வரி வாங்குபவருக்கு வராது. வாங்கிய இடத்திலேயே போனில் வரி கட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இன்சூரன்ஸும் அப்படியே. நீங்கள் சாப்பாடு விற்பதால், வீட்டு உபயோகத்துக்கும் வேலைக்குப் போய் வருவதற்குமான சாதாரணப் பாலிசி போதாது. விஷயத்தைச் சொல்லி, பிசினஸ் யூஸ் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று காரைப் பார்க்கப் போகும் முன்பே விலை கேட்டு வையுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த விலையில் எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால், அந்த ஒரு குறிப்பிட்ட கார் இத்தனை வருடம் எப்படி வாழ்ந்தது என்று கேட்க வேண்டும். பதினைந்து வயதான இரண்டு ஒரே மாடல் கார்களுக்கு இடையில், வேறு வேறு மாடல்களுக்கு இடையில் இருப்பதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள இந்த நாட்டில் நமக்கு அருமையான வசதி ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம். அரசாங்க இணையதளத்தில் காரின் நம்பரைப் போட்டால் போதும், எம்ஓடி எனப்படும் தகுதிச் சோதனையின் வரலாறு முழுவதும் வந்துவிடும். 2005 முதலான பதிவுகள் இருக்கின்றன. மூன்று வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு வருடாவருடம் இந்தச் சோதனை உண்டு என்பதால், பதினைந்து வயதுக் காருக்குப் பன்னிரண்டு வருடக் கதை எழுதப்பட்டிருக்கும்.

அதை எப்படிப் படிப்பது? முதலில் ஓடிய தூரத்தை மட்டும் ஒரு தாளில் வருடவாரியாக எழுதுங்கள். (நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு, இங்கே ஓடிய மொத்தத் தூரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வந்த புதிதில் நானே குழம்பியிருக்கிறேன்.) வருடத்துக்கு ஏழாயிரம், எட்டாயிரம் மைல் என்று சீராக ஏறியிருந்தால் நல்லது. ஒரு வருடம் மொத்தக் கணக்கு முந்தைய வருடத்தைவிடக் குறைந்திருந்தால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள், அல்லது சோதித்தவர் தவறாகப் பதிந்திருக்கிறார். அடுத்த வருடக் கணக்கைப் பார்த்தால் எது என்று தெரியும். திடீரென்று மூன்று வருடம் வெறும் ஆயிரம் மைல் ஓடியிருந்தால் நின்றே கிடந்த கார். விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்வார், நீங்கள் பிரேக்கையும் ரப்பர் பாகங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘அட்வைசரி’ என்று வரும் குறிப்புகள். தேறியது, ஆனால் கவனிக்கவும் என்று சோதிப்பவர் எழுதி வைப்பது அது. டயர் தேய்ந்திருக்கிறது, பிரேக் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்றால் கவலை வேண்டாம், அவை மாற்றுகிற சாமான்கள். ஆனால் அந்தக் குறிப்பு அடுத்த வருடம் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் சொந்தக்காரர் செலவு செய்து மாற்றியிருக்கிறார். ஒரே குறிப்பு மூன்று வருடமாகத் தொடர்ந்து வந்து நான்காம் வருடம் தோல்வியாக மாறியிருந்தால், கடைசி நிமிடம் வரை காசு எடுக்காத வீடு அது. அப்படிப்பட்டவர் ஆயிலும் நேரத்துக்கு மாற்றியிருக்க மாட்டார் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எந்த வருடத்திலாவது ‘கொரோஷன்’ (துரு) என்ற சொல் கதவுக்குக் கீழே ஓடும் சில், இன்ஜினையும் சக்கர அமைப்பையும் தாங்கும் சப்ஃபிரேம், பிரேக் பைப் இவற்றோடு சேர்ந்து வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடியில் போய்ச் சேர்கிறது. துருவை வெல்டிங் செய்து ஓட்டலாம், ஆனால் 1500 பவுண்டுக் காரில் அது முடிகிற செலவில்லை.

என் முதல் காரில் நான் கோட்டை விட்டது இந்த வரலாற்றைப் படிக்காமல்தான். 2016-ல் வாங்கிய ஒரு டீசல் எஸ்டேட். விற்றவர் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம். பளபளவென்று இருந்தது, தோல் சீட், லிட்டருக்கு நிறையப் போகும் என்றார்கள். என் மனைவி பிள்ளையை நர்சரியில் விட்டு வரத் தினமும் மூன்று மைல் ஓட்டுவார். நாலாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி அடைத்துக்கொண்டது. அந்தக் கரி எரிய இன்ஜின் நன்றாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மூன்று மைல் பயணத்தில் அது நடக்கவே நடக்காது. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். 2014 பிப்ரவரியிலிருந்து, தயாரிப்பிலேயே அந்த வடிகட்டியோடு வந்த காரில் அது இல்லையென்றால் எம்ஓடி தேறாது. 900 பவுண்டு செலவழித்தும் நிற்கவில்லை, பழைய இரும்பு விலைக்குப் போனது. அந்தக் காரின் எம்ஓடி வரலாற்றில் இரண்டு வருடம் முன்பே புகை பற்றிய குறிப்பு இருந்தது. அன்றைக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தால் அந்தப் பணம் பிள்ளையின் பெயரில் இருந்திருக்கும். இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

ஆகவே உங்களுக்கு பெட்ரோல். நீங்கள் இருக்கும் இடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்திலிருக்கும் பர்மிங்காம் நகர மையத்தில் 2021 ஜூன் முதல் சுத்தக் காற்று மண்டலம் நடப்பில் இருக்கிறது. தகுதியில்லாத காருக்கு ஒரு நாளைக்கு 8 பவுண்டு. யூரோ என்பது ஐரோப்பியப் புகைத் தர அளவு; பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 இருக்க வேண்டும். லண்டனில் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லாப் பகுதியிலும் இதே அளவுகோல், அங்கே 12.50 பவுண்டு. 2006-க்குப் பிறகான பெட்ரோல் கார் பெரும்பாலும் தேறிவிடும். டீசல் என்றால் 2015 செப்டம்பருக்குப் பிறகானது வேண்டும், அது உங்கள் விலையில் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். டிவிடேல் பாலாஜி கோயில் அந்த மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது, கோயிலுக்குப் போக மட்டுமென்றால் பிரச்சினையில்லை. நகரத்துக்குள் சாப்பாட்டு ஆர்டர் வந்தால்தான் 8 பவுண்டு கையைக் கடிக்கும்.

வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்குப் புகையில் வரும் கார்பன் டைஆக்சைடு கணக்கில் வரி. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் போகும் கார் 2006 மார்ச் 23-க்கு முன்பு பதிவாகியிருந்தால் குறைந்த வரி, அன்றோ அதற்குப் பிறகோ என்றால் வருடத்துக்கு 700 பவுண்டைத் தாண்டிய வரி. பெரிய பெட்ரோல் இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்ட அழகான எஸ்டேட்கள் சில மலிவாக விற்பதற்கு இதுதான் காரணம். நம்பரைப் போட்டு வரியையும் பார்த்துவிடுங்கள்.

சரி, மாடல். என் முதல் தேர்வு ஸ்கோடா ஆக்டேவியாவின் இரண்டாம் தலைமுறை எஸ்டேட், 1.6 பெட்ரோல், மேனுவல் கியர். டர்போ கிடையாது, பழைய பாணி எளிய இன்ஜின், மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும். டிக்கி 580 லிட்டர். என்னிடம் இப்போது இருப்பது அதுதான். அதே காரில் 1.4 டிஎஸ்ஐ என்ற டர்போ பெட்ரோல் இன்ஜின் கிடைத்தால் ஓட்ட ஜோராக இருக்கும், ஆனால் அந்தக் காலத்து டிஎஸ்ஐ இன்ஜின்களில் டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் சங்கிலி) பிரச்சினை பேர் போனது, நான் தொடமாட்டேன். அடுத்து ஃபோர்டு ஃபோகஸ் 1.6, அல்லது மான்டியோ 1.8, 2.0 பெட்ரோல். உதிரிபாகம் எந்த ஊரிலும் மலிவு, எந்த மெக்கானிக்குக்கும் அத்துப்படி. ஃபோகஸில் பின் சக்கர வளைவுத் துருவைப் பாருங்கள். டொயோட்டா அவென்சிஸ் நம்மவர்களுக்குப் பிடித்த பெயர், டார்பிஷையரில் பர்னஸ்டனில் செய்த கார். நல்ல கார்தான், ஆனால் 2003 ஒட்டி வந்த 1.8 இன்ஜின் சிலவற்றில் ஆயில் குடிக்கும் பழக்கம் உண்டு. ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்காமல் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். பிற்பாடு வந்த ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜினில் அந்தச் சங்கிலியின் வேலையைச் செய்யும் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அது சிதைந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. உங்கள் விலையில் வருகிற அந்த வண்டியை விட்டுவிடலாம்.

ஆக்டேவியா, ஃபோகஸ் 1.6 இரண்டிலும் டைமிங் பெல்ட் உண்டு. மாற்றியதற்கு ரசீது இருந்தால் நம்புங்கள். "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்று கணக்குப் போட்டு விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள், மழையில் வேண்டாம், ஈர பெயின்ட்டில் எல்லாக் கீறலும் மறையும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். கெனில்வொர்த் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் என் ஆக்டேவியாவைப் பார்த்தபோது நான் முதலில் செய்தது டிக்கித் தரையைத் தூக்கி ஸ்பேர் சக்கரக் குழியில் கை விட்டதுதான். காய்ந்திருந்தது. அப்புறம் முன் சீட்டுக்குக் கீழே கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்தினேன். கதவு வழியாகத் தண்ணீர் இறங்கும் கார்களில் அந்த இடம் ஊறியிருக்கும், நாற்றமும் வரும். அதுவும் காய்ந்திருந்தது. பெரியவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். பத்து வருட ரசீதுகள், ஒவ்வொன்றின் மேலும் பேனாவில் அன்றைய மைல் கணக்கு. நான் பேரம் பேசவேயில்லை. 1650 கொடுத்தேன்.

வி5சி என்ற காரின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் முகவரியும் நீங்கள் நிற்கும் வீடும் ஒன்றா என்று பாருங்கள். கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் சிக்கி இன்சூரன்ஸ் கைவிட்ட காரா என்று தெரிய ஒரு சின்னத் தொகை கட்டிச் சரிபார்க்கலாம், கட்டுங்கள். வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறு இருந்தால் முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ‘பார்த்தபடி விற்பனை’ என்று ரசீதில் எழுதிவிட்டதால் அது போய்விடாது. தனியாரிடம் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் சொன்னது பொய்யாக இருந்தால் மட்டும் கேட்கலாம்.

போகும்போது ஒரு பழைய போர்வையையும், நீங்கள் சமைக்கும் பெரிய அண்டாவை மூடியோடும் எடுத்துப் போங்கள். யார் வண்டியிலாவது வைத்துக் கொண்டுபோங்கள், கூச்சப்பட வேண்டாம். லிட்டர் கணக்கு காகிதத்தில் நன்றாக இருக்கும், ஆனால் சக்கர வளைவுகளுக்கு நடுவில் அண்டா உட்காருமா, மூடியின் கைப்பிடி மேல் திரையில் இடிக்குமா, டிக்கிக் கதவு தானாக மேலே நிற்குமா என்பதெல்லாம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்த ஒரு எஸ்டேட்டில் கதவைத் தாங்கும் கம்பி தளர்ந்து, குனிந்தவள் முதுகில் கதவு இறங்கியது. குனிந்திருந்தது என் மனைவி, கையில் அண்டா இருந்தது. நல்ல வேளை, அன்று அது காலி.