திவா ஃபாஸ்டினா தெனாரியஸ்: அம்மாவா, மகளா?

வணக்கம். விற்றவர் உங்கள் தெனாரியஸில் (பழைய ரோமானிய வெள்ளிக் காசு) இருப்பது பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் மனைவி இளைய ஃபாஸ்டினா என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது இளைய ஃபாஸ்டினா இல்லை, அவருடைய அம்மா. இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு வரும்.

முதலில் கூந்தலைப் பாருங்கள். பின்னிய முடியை உச்சந்தலையில் சுற்றிக் கொண்டையாக வைத்திருக்கிறார். அது மூத்த ஃபாஸ்டினா, பேரரசர் அன்டோனினஸ் பயஸின் மனைவி. மகளுக்குக் கொண்டை தலையின் பின்புறம், பிடரியை ஒட்டி இருக்கும். காசில் உள்ள எழுத்தும் இதையே சொல்கிறது. 'திவா' என்றால் தெய்வமாக்கப்பட்டவர், அதாவது இறந்த பிறகு அடித்த காசு. மகள் இறந்தபின் வந்த காசுகளில் பெரும்பாலும் 'பியா' என்ற சொல்லும் சேர்ந்து வரும். உங்களுடையதில் அது இல்லை.

மனைவி போன பிறகு, கி.பி. 161-இல் தான் இறக்கும்வரை, ஏறக்குறைய 20 வருடம் அன்டோனினஸ் அவர் முகத்தைக் காசில் விடாமல் அடித்தார். அதனால்தான் இவை இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ரோமில் அவருக்காகக் கட்டிய கோயிலின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. எனக்கு இந்தக் காசுகள்மேல் தனிப் பிரியம் வந்ததே அதனால்தான்.

3.2 கிராம் எடை சரியாகவே இருக்கிறது. ஆனால் எடையை மட்டும் வைத்து அசல் என்று முடிவு செய்ய முடியாது. விளிம்பையும் படம் எடுத்துப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று: வெள்ளிப் பாத்திரம் மாதிரி விபூதி, புளி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. அந்தக் கருமை அப்படியே இருக்கட்டும்.