கடலடி மண்ணைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அண்ணாச்சி, ‘கல்லையும் மண்ணையும் படிச்சு என்ன செய்யப்போறா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பதற்காக, கடலடி மண்ணைப் படிக்கவேண்டும் என்ற மகளின் ஆசையைத் தட்டிவிடாதீர்கள். முதலில் விண்ணப்பத்தைப் பாருங்கள். அவள் சேரவேண்டியது ஜியாலஜி, அதாவது பாறையையும் மண்ணையும் படிக்கும் நிலவியல். ‘புவியியல்’ என்று பள்ளியில் படித்தது ஜியாக்ரஃபி. அது வேறு படிப்பு.

பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். எம்.எஸ்சி. முடித்தால்தான் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வெழுதி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் (ஜி.எஸ்.ஐ.) நுழைய முடியும். மரைன் ஜியாலஜி (கடல் நிலவியல்) எம்.எஸ்சி.யும் அதற்குச் செல்லும். பி.எஸ்சி.க்குத் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. மேற்படிப்புக்கு ஐ.ஐ.டி. என்றால் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். கடல் பக்கம்தான் என்றால் கொச்சிப் பல்கலைக்கழகம்.

வேலை என்னவென்றால், மன்னார் வளைகுடாவின் அடியில் கிடக்கும் மண் எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவது. பொதிகை மலைப்பாறையின் கார்னெட் என்ற கனிம மணிகளைத் தாமிரபரணி புன்னக்காயல் வழியே கடலில் சேர்க்கிறது. தீவுகளைச் சுற்றியுள்ள பவளமும் சிப்பியும் உடைந்து சுண்ணாம்பு மணலாகின்றன. ஆற்று மணல் குறைந்தால் கரை அரிக்கும். துறைமுகத்தில் தூர் சேர்ந்தால் எங்கிருந்து என்று சொல்ல ஆள் வேண்டும்.

கடலடி மண்ணைக் கவ்வி எடுக்கப் படகிலிருந்து இறக்கும் கிராப் என்ற கருவியின் தாடையில் ஒரு சிப்பி மாட்டினாலும் வாய் மூடாது. மேலே வருவதற்குள் நுண்மண் கழுவிப்போய்விடும். அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்கத்தான் வேண்டும். ஆய்வகத்தில் உப்புப் போகப் பலமுறை நன்னீரில் அலச வேண்டும். உப்பு மிஞ்சினால் களிமண் பால் திரிவதுபோல் திரண்டு சீக்கிரம் அடியில் இறங்கும். துகள் அளவுக் கணக்கே பொய்யாகிவிடும். பிறகு 63 மைக்ரான் சல்லடையில் அலசினால் மணல் மேலே தங்கும், சேறு கீழே போகும். உலர்த்தி எடைபோட்ட மணலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் சிப்பியும் பவளமும் நுரைத்துக் கரையும். அப்படிக் கரைந்து குறைந்துபோன எடைதான் கடலின் பங்கு. மிச்சத்தைப் புரோமோஃபார்ம் என்ற அடர்த்தியான திரவத்தில் போட்டால் சாதாரண மணலான குவார்ட்ஸ் மிதக்கும். கார்னெட், இல்மனைட், சிர்க்கான் போன்ற கனமான கனிமங்கள் மூழ்கும். மலையின் அடையாளம் அந்த மூழ்கிய மணிகளில்தான். இந்த வேலைக்குப் பொறுமையும் பிளஸ் டூ வேதியியலும் வேண்டும்.

கப்பலை நினைத்துப் பயப்படாதீர்கள். மாதிரி எடுக்கச் சில நாட்கள், மற்றதெல்லாம் ஆய்வகம்.

சேர்க்கைக்கு முன் மகளோடு போய்த் துறையின் ஆய்வகத்தைக் கேட்டுப் பாருங்கள். சல்லடை அடுக்கு முழுதாக இருக்கிறதா, கனிமங்களை அடையாளம் காணும் போலரைசிங் மைக்ராஸ்கோப் எத்தனை மாணவருக்கு ஒன்று என்று விசாரியுங்கள். புரோமோஃபார்ம் நச்சு; ஆவியை வெளியே இழுக்கும் பெட்டி ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.