மலையின் வயது

ஐயா, வணக்கம்.

என் மகள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். கேம்பிரியன், மயோசீன் என்று பூமியின் காலப்பிரிவுகளை இரவெல்லாம் பாடமாக்குகிறாள். ஒரு குன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிள்ளைக்கு இது எதற்கு? இமயமலை பழையதா, நுவரெலியா மலைகள் பழையவையா என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. கோடிக்கணக்கான ஆண்டு என்பதெல்லாம் விஞ்ஞானிகளின் ஊகம்தானே? எங்கள் குமரிக்கண்டத்தை ஏன் அந்த அட்டவணையில் சேர்க்கவில்லை?

– ஒரு தகப்பன், சுன்னாகம்

அன்புள்ள தம்பி,

மகளின் கேள்விக்கு விடை தேடி எழுதிய தகப்பன் என்பதால் உங்கள்மேல் எனக்கு மிகுந்த அன்பு உண்டு. அந்த உரிமையில்தான் கொஞ்சம் ஏசப்போகிறேன்.

முதலில் பிள்ளைக்கு. மலைநாட்டுப் பாறைகளே பழையவை. இமயமலை எழுந்தது இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியதால். அந்த மோதல் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள்தான். நுவரெலியாப் பக்கத்துப் பாறைகளோ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, ஒரு பெரும் மலைத்தொடரின் அடியில் பல கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அன்று எங்களுக்கு அயலில் மடகஸ்காரும் அண்டார்டிக்காவும் இருந்தன. அந்த மலைத்தொடர் தேய்ந்துபோய்விட்டது. பீதுருதாலகால மலையில் நாம் மிதிப்பது அதன் அடிப்பாகத்தை. உங்கள் கிணற்றில் தெரியும் சுண்ணக்கல் மயோசீன் கடலில் படிந்தது. அதற்கும் வெகு ஆழத்தில் கிடப்பது பழைய பாறைதான்.

குமரிக்கண்டம் இன்று வேண்டாம். இந்துசமுத்திரத்தின் அடியில் அப்படியொரு கண்டம் மூழ்கிக் கிடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஊகம் என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. பிள்ளையின் முன்னால் இப்படிச் சொல்லிவிடாதீர்கள். சிர்க்கோன் என்ற கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. யுரேனியம் சிதைந்து சிதைந்து கடைசியில் ஈயமாகும். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் வேண்டும், யுரேனியம் 235க்கு 70 கோடி. ஒரே பரலுக்குள் வேறு வேறு வேகத்தில் ஓடும் இரண்டு மணிக்கூடுகள்! இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அந்த வயதை நம்பலாம். இதில் ஊகம் எங்கே இருக்கிறது? அளந்து பார்க்காதவர்தான் ஊகிக்கிறார்.

இப்படி வயது அளக்கும் முறையின் தொடக்கத்தில் எங்கள் தீவின் கல் ஒன்று இருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் கிடைத்த கறுத்த, கனமான கனிமம் அது. 1904இல் அதை முதலில் விவரித்தவர் ஆனந்தக் குமாரசுவாமி. ஆம், சிவதாண்டவத்தைப் பற்றி எழுதிய அவரேதான். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், இலங்கைக் கனிமவியல் அளவையின் முதல் பணிப்பாளர். அவர் யுரேனினைட் என்ற யுரேனியக் கனிமம் என்று எண்ணியதை, ஆங்கில வேதியியலாளர் டன்ஸ்ரன் புதிய கனிமம் என்று கண்டு தோரியனைட் என்று பெயரிட்டார். 1907இல் அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட் பல கனிமங்களில் ஈயத்தை அளந்து வயது கணித்தபோது, மிகப் பெரிய எண் இலங்கைத் தோரியனைட்டுக்குத்தான் வந்தது: 220 கோடி ஆண்டுகள். அதற்குப் பத்தாண்டு முன்புதான் இயற்பியலாளர் கெல்வின் பூமிக்கே 2 முதல் 4 கோடி ஆண்டுகள் என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

போல்ட்வுட்டின் எண் பிழை. அந்தக் கல்லில் உள்ள தோரியமும் யுரேனியம்போலச் சிதைந்து ஈயமாகும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு வந்தவர்கள் அதையும் அளந்து திருத்தினார்கள். ஊகத்தை இப்படித் திருத்த முடியுமா, சொல்லுங்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் குமாரசுவாமியின் படம் தொங்கியது. கலையைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னார்கள். அவர் சுத்தியலோடு மலைநாடெங்கும் கல் தேடி நடந்தவர் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோபுரத்தைக் கொண்டாடுகிறோம், அதன் கருங்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. உங்கள் பிள்ளையாவது முழுக் குமாரசுவாமியையும் அறியட்டும்.

பாடமாக்குவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சரி, அதைப் பிறகு எழுதுகிறேன். மகள் அடுத்து என்ன கேட்கிறாள் என்று கட்டாயம் எழுதுங்கள்.