சியாங் மாய்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எப்போது வரக் கூடாது

வட தாய்லாந்தின் சியாங் மாய் நகரம் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் கேட்டவருக்கே முழுப் பதில். மற்றவர்கள் அதைப் படித்துக்கொள்ளவும்.

முதன்முறை போகிறோம். ஹோட்டலை எந்தப் பகுதியில் பார்ப்பது? (கோவை)

நட்சத்திரத்தை விடுங்கள், வரைபடத்தைப் பாருங்கள். 1296இல் மங்ராய் மன்னர் நிறுவிய பழைய நகரம், பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள சதுரம், சுற்றிலும் அகழி. கோயில்கள்தான் உங்கள் நோக்கம் என்றால் இந்தச் சதுரத்துக்குள் தங்குங்கள். வாட் பிரா சிங், வாட் செடி லுவாங் இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். இங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று மாடி விடுதிகள்தான். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அகழிக்குக் கிழக்கே சாங் கிளான் சாலையில் இரவுச் சந்தை; பெரிய ஹோட்டல்களும் இந்திய உணவகங்களும் அங்கேதான். ஆனால் அதை ஒட்டிய லோய் குரோ சாலை முழுக்க மதுக்கூடங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தச் சாலையைப் பார்த்த அறையை எடுக்க வேண்டாம். மேற்கே நிம்மன்ஹேமின் சாலை காபிக் கடைகளுக்குப் பெயர்போனது. விமானங்கள் தலைக்கு மேலேயே இறங்கும். பிங் ஆற்றங்கரை அமைதியானது. அந்த அமைதிக்கும் சேர்த்துத்தான் வாடகை.

ஹோட்டலின் இணையப் பக்கத்தில் எழுதியிராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஞாயிறு மாலையில் பழைய நகரின் கிழக்கு வாசலான தா பேயிலிருந்து ராட்சதம்னோன் சாலை முழுவதும் நடைச் சந்தையாகிவிடும், வண்டி நுழையாது. அன்று போய் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டியதுதான். அடுத்தது, அகழியின் இரு கரைச் சாலைகளும் எதிரெதிர்த் திசையில் ஒருவழிப் பாதைகள். எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரியும் ஹோட்டலுக்கு வாடகை வண்டி ஒரு சுற்றுப் போய்த்தான் சேரும். நடந்தால் சீக்கிரம்.

பிப்ரவரி கடைசியில் போகலாமா? (சேலம்)

வேண்டாம். பிப்ரவரிப் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத் தீயும், சோளத் தட்டை எரிப்பதும், எல்லைக்கு அப்பால் மியன்மாரிலிருந்து வரும் புகையும் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து தேங்கும். எதிரே நிற்கும் டோய் சுதேப் மலையே கண்ணுக்குத் தெரியாது. உலகின் மிக மாசடைந்த நகரங்கள் பட்டியலில் சியாங் மாய் அப்போது முதலிடம் வரை போய் வருகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாருங்கள்.

சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? (கும்பகோணம்)

வேண்டாம். ஆனால் 'காய்கறி மட்டும்' என்று கேட்டு வாங்கிய தட்டிலும் மீன் சாறு இருக்கும். பப்பாளிச் சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பில் 'ஜே' என்று தாய்லாந்து எழுத்தில் போட்ட கடையைத் தேடுங்கள். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஹலால் உணவு கிடைக்குமா? (கீழக்கரை)

தாராளமாக. இரவுச் சந்தைக்குப் பின்புறம் பான் ஹோ பள்ளிவாசல் இருக்கிறது. சீனாவின் யுன்னானிலிருந்து கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றி வந்த முஸ்லிம் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும் பகுதி அது. தேங்காய்ப் பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ் போட்டு, மேலே பொரித்த நூடுல்ஸைத் தூவித் தரும் காவ் சோய்தான் இந்த ஊரின் அடையாள உணவு. அதை இங்கே கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான் என்பது பரவலான கருத்து. ஹலால் காவ் சோயை அந்தத் தெருவிலேயே சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை காலை என்றால் பக்கத்திலேயே யுன்னான் மக்களின் சந்தையும் கூடும்.

யானைச் சவாரி எங்கே நன்றாக இருக்கும்? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். (மதுரை)

எங்கேயும் இல்லை. மனிதரை முதுகில் ஏற்றும் அளவுக்கு ஒரு யானை அடங்குகிறது என்றால், குட்டியிலேயே தாயிடமிருந்து பிரித்து, மரச் சட்டங்களுக்குள் நெருக்கிக் கட்டி அடித்துப் பழக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பிள்ளைகளை யானைகள் மேயும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். சற்றுத் தள்ளி நின்று பார்க்கட்டும்.

நம் கோயில் யானைகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறோம். தாய்லாந்துக்காரரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? (ஸ்ரீரங்கம்)

யோக்கியதை இல்லைதான். அங்குசம் நம் ஊரிலும் அதே அங்குசம்தான். அதற்காகச் சவாரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும் என்று ஆகிவிடுமா? இரண்டு இடத்திலும் தப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

சவாரியை நிறுத்தினால் பாகன் குடும்பம் எதைச் சாப்பிடும்? நகரத்தில் உட்கார்ந்து பேசுவது சுலபம். (நாகர்கோவில்)

இந்த வரிசையிலேயே நல்ல கேள்வி. 1989இல் தாய்லாந்து அரசு காட்டு மரம் வெட்டுவதைத் தடை செய்தது. மரம் இழுத்துக்கொண்டிருந்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் ஒரே உத்தரவில் பிழைப்பு போயிற்று. வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். சிலர் பாங்காக் தெருக்களில் யானையோடு பிச்சையெடுத்தார்கள். சிலர் சுற்றுலா முகாம்களுக்குப் போனார்கள். எனவே சுற்றுலாக்காரரின் பணம் இல்லாமல் அந்த யானைகள் பிழைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் வழக்கு. யானையைச் சும்மா விடுவதற்காகக் கட்டணம் வாங்கும் இடங்களும் இருக்கின்றன. அங்கேயும் பாகன்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள்.

'சரணாலயம்' என்று பெயர் போட்டிருந்தால் நம்பலாமா? குளிப்பாட்டலாம் என்கிறார்களே? (சென்னை)

பெயர்ப் பலகைக்குப் பெயின்ட் போதும். நான் போன ஒன்றில் கூரைக்கடியில் சவாரி இருக்கைகளை அடுக்கி வைத்திருந்தார்கள், தார்ப்பாய்தான் புதிது. குளிப்பாட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. நாளெல்லாம் கூட்டம் கூட்டமாக வருகிறவர்களுக்காக அதே யானையைத் திரும்பத் திரும்ப ஆற்றில் இறக்குகிறார்கள். 2025 ஜனவரியில் தெற்கே யாவோ தீவில் இப்படிக் குளிப்பாட்டிய ஸ்பெயின் மாணவி ஒருவர் யானை தாக்கி இறந்தார். தொட விடாத இடமே நல்ல இடம்.

யானை பற்றி இன்னும் பல கடிதங்கள் இருக்கின்றன. இரண்டு பேர் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். யானையை இத்துடன் விடுகிறேன்.

ஹோட்டல் எந்தப் பகுதியில் எடுக்கலாம்? (ஈரோடு)

கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

டோய் சுதேப் போக எப்படி? (திருச்சி)

சிவப்பு வண்டியில், அதாவது பின்னால் இரண்டு பலகை இருக்கை போட்ட பகிர்வு வாகனத்தில். ஆள் சேர்ந்ததும் கிளம்பும். உச்சியில் உள்ள கோயிலுக்கு நாகப் படிக்கட்டு, முந்நூற்றுக்கு மேல் படிகள். ஏற முடியாதவர்களுக்கு இழுவை வண்டி உண்டு. மலைச் சாலையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 1934-35இல் குருபா சிவிச்சாய் என்ற துறவியின் அழைப்புக்குத் திரண்ட மக்கள், மண்வெட்டியும் கூடையுமாக வந்து மாதக்கணக்கில் வெட்டியது அது. அடிவாரத்தில் அவர் சிலைக்கு இன்றும் மாலை விழுகிறது. காலை எட்டு மணிக்குள் மேலே போய்விடுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துப் பாய் வரை போகலாமா? (பெங்களூரு)

பாய் என்ற அந்த மலையூருக்குப் போகும் சாலையில் 762 வளைவுகள், தம்பி. இருசக்கர வாகனத்துக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீடு ஒரு பைசா தராது. பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்கும் கடையிலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள். வேனில் போங்கள், வாந்திக்குப் பை எடுத்துக்கொண்டு.

வெள்ளைக் கோயில் சியாங் மாயில் எங்கே இருக்கிறது? (வேலூர்)

சியாங் மாயில் இல்லை. அது சியாங் ராய்; பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

விசா வேண்டுமா? (மூன்று பேர்)

விதி மாறிக்கொண்டே இருக்கிறது. தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2025 மே 1 முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

மார்ச் கடைசி வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். அம்மாவுக்கு ஆஸ்துமா. (தஞ்சாவூர்)

சேலத்துக்காரருக்குச் சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பாங்காக் வரையிலான டிக்கெட் இருக்கட்டும். அங்கிருந்து வடக்கே போகும் பயணத்தை ரத்துசெய்துவிட்டுத் தெற்கே கடற்கரைப் பக்கம் போங்கள். அதுவும் முடியாது என்றால், அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் உண்டா என்று ஹோட்டலுக்கு எழுதிக் கேளுங்கள். உண்டு என்று எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.